ஒரு பகிடிப் பாட்டுக்குப் பின்னால் மறைந்துபோன இசைக்குழு: த ஷேமனின் கதை

1992 செப்டெம்பர் நடுப்பகுதியிலிருந்து நான்கு வாரங்கள் பிரித்தானியாவின் சிங்கிள்ஸ் பட்டியலில் முதலிடத்தில் நின்றது ஒரு பகிடிப் பாட்டு. பெயர் 'எபனீசர் குட்'. எபனீசர் என்பது சார்ள்ஸ் டிக்கன்ஸ் எழுதிய கஞ்சன் ஸ்க்ரூஜின் முதற்பெயர். அதனால வெளியில பார்க்க யாரோ ஒரு பழைய காலத்து ஆளைப் பற்றிய பாட்டு மாதிரித்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெயரின் முன்பாதியை விழுங்கிவிட்டு மிச்சத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கத்திப் பாருங்கள். "ஈ நல்லது" எண்டு பொருள்படுகிற ஓர் ஆங்கில வசனமாகக் காதில் விழும். ஈ எண்டால் எக்ஸ்டசி, எம்டிஎம்ஏ மாத்திரை. பிரித்தானியச் சட்டத்தில் அது கடுமையான தண்டனைக்குரிய 'ஏ' வகுப்புப் போதைப்பொருள். அதைப் புகழ்கிற வசனம் நாட்டின் முதலாம் இலக்கப் பாட்டாக வானொலியில் போய்க்கொண்டிருந்தது.

பிபிசியின் 'டொப் ஒஃப் த பொப்ஸ்' நிகழ்ச்சியில் பாட வந்தபோது, ராப் செய்கிற மிஸ்டர் சி வரிகளைக் கொஞ்சம் மாற்றி, யாரிடமாவது 'அண்டர்லே' இருக்கிறதா எண்டு கேட்டார். அண்டர்லே எண்டால் தரைவிரிப்புக்கு அடியில் போடுகிற மெத்தைத் துணி. பிறகு விளக்கம் கேட்டதற்கு, அது 'ரக்' பற்றிய குறிப்பு எண்டாராம். ரக் எண்டால் தரைவிரிப்பு. முன்னால ஒரு 'ட்'டைச் சேர்த்தால் என்ன வரும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை.

த ஷேமன் என்ற ஸ்கொட்லாந்துக் குழுவைப் பற்றி எங்கே தேடினாலும் இந்தக் கதைதான் முதலில் வரும். நல்ல கதைதான், நானும் சிரித்தேன். ஆனால் இதை மட்டும் படித்துவிட்டுப் போனால், இவர்கள் ஒரே ஒரு குறும்புப் பாட்டால் பிழைத்த பெடியள் எண்டு நினைத்துவிடுவோம். அந்தப் பாட்டு முதலிடத்துக்கு வருவதற்கு 16 மாதம் முன்னம் இந்தக் குழுவின் பாதி கடலில் போயிருந்தது. 'பாதி' எண்டு கணக்காகத்தான் சொல்கிறேன். அப்போது குழுவில் இருந்ததே இரண்டு பேர்.

கதை தொடங்குவது அபர்டீனில். ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையில் சாம்பல் நிறக் கருங்கல்லால் கட்டிய ஊர், வடகடல் எண்ணெயால் காசு பார்த்த ஊர். அங்கே கொலின் அங்கஸ் என்பவரும் டெரெக், கீத் மெக்கென்ஸி என்ற சகோதரர்களும் 'அலோன் அகெய்ன் ஓர்' என்ற பெயரில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அந்தப் பெயரே 1967இல் வந்த ஓர் அமெரிக்கப் பாட்டின் தலைப்பு. லவ் என்ற குழுவின் பாட்டு அது. அதாவது 80களில் இருந்துகொண்டு 60களின் சைக்கடெலிக் ரொக்கைக் கனவு கண்டவர்கள் இவர்கள். 1985இல் பெயரை மாற்றி 'த ஷேமன்' ஆனார்கள். ஷேமன் எண்டால் பறை அடித்து, உரு ஏறி, வேறோர் உலகத்தோடு கதைத்துவிட்டு வருகிற பூசாரி. சைபீரியப் பக்கத்திலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் போன சொல்.

1987இல் வந்த அவர்களுடைய முதல் அல்பம் 'ட்ரொப்' கிட்டார், ட்ரம்ஸ், மயக்கமான குரல் எல்லாம் கொண்ட சரியான ரொக் அல்பம். அதை வெளியிட்ட அவர்களுடைய சொந்த லேபலின் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது: மோக்ஷா. எங்கட மோட்சம்தான். ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'ஐலண்ட்' நாவலில் ஒரு தீவு மக்கள் எடுக்கிற காளான் மருந்துக்கும் அதே பெயர். மேற்கில் இருந்த ஒரு தலைமுறை எங்கட பக்கத்துச் சொற்களை எந்த வழியால் எடுத்துக்கொண்டது என்பதற்கு இது ஒரு சின்ன உதாரணம்.

அந்த ஆண்டளவில்தான் வில் சினொட் குழுவுக்குள் வந்தார். கிளாஸ்கோக்காரர், பேஸ் கிட்டார் வாசிப்பவர். அவர் வந்த நேரம் முக்கியம். அமெரிக்காவின் சிகாகோவில் கறுப்பின டிஜேக்கள் உருவாக்கிய ஹவுஸ் இசை அப்போதுதான் கடல் கடந்து இலண்டனுக்கு வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு கிளை அசிட் ஹவுஸ். அதன் பிறப்பே ஒரு விபத்து. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 80களின் தொடக்கத்தில் டிபி-303 என்றொரு சின்னப் பெட்டியைச் செய்தது. தனியாக இருந்து பயிற்சி செய்கிற கிட்டார்காரருக்குப் பேஸ் வாசிக்க ஆள் இல்லையெண்டால் அந்தப் பெட்டி வாசிக்கும், அதுதான் நோக்கம். ஆனால் பேஸ் கிட்டார் மாதிரி அது ஒருநாளும் கேட்கவில்லை. விற்கவும் இல்லை. உற்பத்தியை நிறுத்தினார்கள், பெட்டிகள் செக்கண்ட் ஹாண்ட் கடைகளுக்கு மலிவாகப் போயின. அதை வாங்கிய சிகாகோப் பெடியள் குமிழ்களைத் தாறுமாறாகத் திருக, அழுகிற மாதிரி, கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஃபியூச்சர் என்ற குழு 1987இல் அதை 'அசிட் ட்ராக்ஸ்' எண்டு வெளியிட்டது.

அங்கஸும் சினொட்டும் இலண்டனுக்குப் போய் அந்த இரவுகளுக்குள் விழுந்தார்கள். 1988 கோடை. அங்கே மேடையில் ஆட்கள் இல்லை. கிட்டார் இல்லை. இருட்டில் புகை, ஒரு மூலையில் ஒரு டிஜே, சனம் ஆளையாள் பார்த்து ஆடுகிறது. 60களின் மயக்கத்தை 80களின் கிட்டாரில் தேடிக்கொண்டிருந்த ஆட்களுக்கு, தேடியது இயந்திரத்துக்குள் இருக்கிறதைக் கண்டதும் எப்படி இருந்திருக்கும்!

இதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் நடு. அந்தக் காலத்தில் நிறைய ரொக் குழுக்கள் தங்கட பாட்டுக்கு ஒரு ஹவுஸ் தாளத்தை ஒட்டி வியாபாரம் பார்த்தன. ஷேமன் அப்படி ஒட்டவில்லை, தங்களையே கழற்றினார்கள். பழைய உறுப்பினர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். ட்ரம்ஸ் அடித்தவரின் இடத்தை இயந்திரம் எடுத்தது. 1989 தொடக்கத்தில் வந்த 'இன் கோர்பச்சேவ் வீ ட்ரஸ்ட்' அல்பத்தில் இந்த இழுபறி அப்படியே கேட்கும். அமெரிக்க டொலரில் அச்சடித்திருக்கிற கடவுள் வசனத்தில் கடவுளைத் தூக்கிவிட்டுச் சோவியத் தலைவரை வைத்த தலைப்பு. உள்ளே கிட்டாரும் சாம்ப்ளரும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும். அவ்வளவு நல்ல அல்பம் எண்டு சொல்லமாட்டேன். ஆனால் ஒரு குழு தோல் உரிக்கிறதை நேரடியாகக் கேட்கவேண்டுமெண்டால் இதைவிட நல்ல பதிவு கிடையாது. அதே ஆண்டு வந்த 'ஃபோர்வேர்ட்' சிறு அல்பத்தோடு தோல் முழுக்கக் கழன்றுவிட்டது. இரண்டு பேரும் சில பெட்டிகளும் மட்டும் மிச்சம்.

பிறகு 'சினர்ஜி' எண்டு ஒரு சுற்றுப்பயணம் தொடங்கினார்கள். வழமையான ரொக் கச்சேரி எப்படி இருக்கும்? முதலில ஒரு துணைக்குழு வரும், பிறகு பிரதான குழு ஒன்றரை மணித்தியாலம், கைதட்டல், வீட்டுக்குப் போ. சினர்ஜி அப்படி இல்லை. மிக்ஸ்மாஸ்டர் மொரிஸ் போன்ற டிஜேக்கள் மணிக்கணக்காக வாசிப்பார்கள், ஒளிக்காட்சி நடக்கும், இடையில் ஷேமன் வந்து நேரடியாக வாசிப்பார்கள், திரும்பவும் டிஜே. இசை நிற்காது. பார்க்க வந்தவர்கள் ஆட வந்தவர்களாக மாறிவிடுவார்கள். டிஜேயும் நேரடிக் குழுவும் ஒரே இரவில் சரிசமனாக நிற்பது இப்ப எங்களுக்குச் சாதாரணம். அப்போது அது இரண்டு பக்கமும் திட்டு வாங்கித் தரக்கூடிய வேலை. ரொக் ரசிகர்களுக்கு இவர்கள் துரோகிகள், கிளப் ஆட்களுக்கோ கிட்டாரை விட்டு இப்போதுதான் ஓடிவந்த புதியவர்கள்.

1990இல் 'என்-டாக்ட்' அல்பம் வந்தது. வெளியிட்டது வன் லிட்டில் இந்தியன் நிறுவனம். அதன் தலைவர் டெரெக் பேர்க்கெட் பழைய அனார்க்கோ-பங்க் இசைக்காரர். பின்னாளில் பியோர்க்கின் அல்பங்களை வெளியிட்டதும் இதே நிறுவனம்தான். அல்பத்தில் 'ப்ரோஜென்' என்றொரு பாட்டு இருந்தது. மலையையே நகர்த்தலாம் என்ற மாதிரியான நம்பிக்கைப் பாட்டு. சிங்கிளாக வெளிவந்தபோது பட்டியலில் பெரிதாக ஏறவில்லை. ஆனால் கிளப்களில் அது நின்று பிடித்தது. அதில் ராப் செய்தவர்தான் இலண்டன் டிஜே ரிச்சர்ட் வெஸ்ட், அதாவது மிஸ்டர் சி. 1991 தொடக்கத்தில் ப்ளாவ்கா பாடிய 'ஹைப்பர்ரியல்' முதல் முப்பதுக்குள் நுழைந்தது. ப்ரோஜென்னை பீட்மாஸ்டர்ஸ் குழுவைக்கொண்டு திருத்தி, 'மூவ் எனி மவுண்டன்' என்ற பெயரில் திரும்ப விட முடிவாகியது.

வீடியோ எடுக்க ஸ்பெயினுக்குச் சொந்தமான கனேரித் தீவுகளில் ஒன்றான தெனெரீஃபுக்குப் போனார்கள். எரிமலைத் தீவு, பாட்டுக்குப் பொருத்தமான மலைகள். படப்பிடிப்புக்குப் பிறகு பக்கத்துத் தீவான லா கொமேராவுக்குப் போன இடத்தில், 1991 மே மாதம், கடலில் நீந்தப்போன வில் சினொட்டை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. வயது 30.

ஜூலையில் பாட்டு வெளிவந்தது. பட்டியலில் நான்காம் இடம். குழுவின் முதலாவது பெரிய வெற்றி. அமெரிக்காவிலும் முதல் நாற்பதுக்குள் போனது. தொலைக்காட்சியில் அந்த வீடியோ ஓட ஓட, அதில் மலையடியில் நின்று ஆடிக்கொண்டிருந்தவர் உயிரோடு இல்லை. அந்த வீடியோ இப்பவும் யூடியூப்பில் இருக்கு. தெரியாமல் பார்த்தால் அந்தக் காலத்து வர்ணங்கள் நிறைந்த சந்தோசமான வீடியோ. தெரிந்துகொண்டு பார்த்தால் வேறொன்று.

குழுவைக் கலைத்திருக்கலாம். கலைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அங்கஸ் தொடர்வது எண்டு முடிவெடுத்தார். இதைப் பற்றி எனக்கு இரண்டு மனம். ஒரு பக்கம், காசு வருகிற நேரம் பார்த்துத் தொடர்ந்தார்கள் எண்டு சொல்வது சுலபம். இன்னொரு பக்கம், இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய எண்ணமே 'மேடையில் இருக்கிற ஆள் முக்கியமில்லை, நடக்கிற இரவுதான் முக்கியம்' என்பதுதானே. அந்த எண்ணத்தை நம்பினால் தொடர்வதுதான் நியாயம். ஆனால் அதே எண்ணம்தான் செத்தவரை இலகுவாக மறக்கவும் வழி செய்தது. ரொக் இசையில் ஒரு ஆள் செத்தால் அவருடைய முகம் சுவரொட்டியாகி முப்பது வருடம் தொங்கும். நடன இசையில் முகமே இல்லாததால் தொங்கவிட ஒன்றும் மிஞ்சவில்லை.

1991 செப்டெம்பரில் வெளிவந்த 'ப்ரோஜெனி' அல்பத்தை இந்த இடத்தில்தான் பார்க்கவேண்டும். அது முழுக்க ஒரே ஒரு பாட்டு. 'மூவ் எனி மவுண்டன்' பாட்டின் பலபேர் செய்த மிக்ஸ்கள் வரிசையாக வரும். அதோடு பாட்டின் உறுப்புகளையும், தாளம், குரல், பேஸ் எண்டு தனித்தனியாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். வாங்கிறவர் தன்ர வீட்டில் இருந்து தானே ஒரு மிக்ஸ் செய்யலாம். இப்ப ஒரு பாட்டின் 'ஸ்டெம்ஸ்' வெளியிடுவது எண்டு சொல்கிறோமே, அதை 1991இல், கடைக்குக் கடை விற்கிற ஓர் அல்பத்தில் செய்தார்கள். தொடர்ச்சியாகக் கேட்டால் ஆறாவது மிக்ஸில் அலுப்பு வரும், உண்மையைச் சொல்லவேணும். ஆனால் சினொட் இருந்து செய்த கடைசி வேலைகளில் ஒன்றை யாருக்கும் சொந்தமில்லாமல் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள் என்ற விஷயத்தை என்னால் இலேசாகக் கடந்துபோக முடியவில்லை.

மிஸ்டர் சி இப்போது முழுநேர உறுப்பினர். 1992இல் 'பொஸ் ட்ரம்' அல்பம். அதிலிருந்து வந்த ஐந்து சிங்கிள்களில் நான்கு முதல் ஆறு இடங்களுக்குள் போயின. அதில் ஒன்றுதான் எபனீசர். வீடியோவில் எபனீசராக வந்தவர் ஸ்கொட்லாந்து நகைச்சுவையாளரும் மந்திரவித்தைக்காரருமான ஜெரி சடோவிட்ஸ். பாட்டு போதையைப் புகழ்கிறது என்ற குற்றச்சாட்டு நியாயமானதுதான், அதை மறைக்க வழியில்லை. அளவு மீறாதே என்ற ஓர் எச்சரிக்கையும் பாட்டுக்குள் இருக்கு, ஆனால் ஆடுகிற சனத்தின் காதில் விழுந்தது எது எண்டு எங்களுக்குத் தெரியும். எம்டிஎம்ஏயால் இளம் ஆட்கள் இறந்துகொண்டிருந்த காலம் அது. அதைத் தெரிந்துகொண்டு கேட்கும்போது அந்தச் சொல்விளையாட்டு முழுக்கச் சிரிப்பாக இல்லை.

எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. எபனீசர் ஓர் ஆளைப் பற்றிய பாட்டு. முகம், தொப்பி, சேட்டை எல்லாம் உள்ள ஆள். ஆளே வேண்டாம் எண்டு நான்கு வருடம் பாடுபட்ட குழு கடைசியில் ஒரு கோமாளியின் முகத்தால்தான் நாட்டுக்கே தெரியவந்தது. அதே அல்பத்தின் கடைசிப் பாட்டு 'ரீ:எவலூஷன்' அமெரிக்க எழுத்தாளர் டெரன்ஸ் மெக்கென்னா ஆதிச் சடங்கு, ரேவ், மனப்பிரக்ஞை பற்றியெல்லாம் நீண்டநேரம் பேசுகிற பேச்சு, பின்னணியில் மெல்லிய இசை. அதைச் சிங்கிளாக விட்டு முதல் இருபதுக்குள் கொண்டுவந்த தைரியத்தைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. மெக்கென்னா சொல்வதில் பாதியை நான் நம்பவில்லை. ஆனால் பொப் பட்டியலில் ஒரு சொற்பொழிவு ஏறியதே!

இதற்கிடையில் அரசாங்கமும் விழித்துக்கொண்டது. 1992 மேயில் இங்கிலாந்தின் காசில்மோர்ட்டன் பொதுவெளியில் ஆயிரக்கணக்கானோர் கூடி நாட்கணக்காக நடத்திய இலவச ரேவுக்குப் பிறகு, 1994இல் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டம் வந்தது. திறந்தவெளி இரவுக் கூட்டங்களைக் கலைக்க பொலிசுக்கு அதிகாரம் கொடுத்த அந்தச் சட்டம், திரும்பத் திரும்ப வருகிற தாளத்தை இசைக்கான வரைவிலக்கணத்துக்குள்ளேயே எழுதிவைத்தது. ஓட்டெக்கர் குழு அதற்குப் பதிலாக ஒரு தாளம் திரும்ப வராத பாட்டைச் செய்து வெளியிட்டது. வயல்வெளியில் ஆடிய சனம் அனுமதிப்பத்திரம் உள்ள கிளப்களுக்குள் போனது. மிஸ்டர் சியே 1995இல் லேயோ பாஸ்கினோடு சேர்ந்து இலண்டனில் 'த எண்ட்' என்ற கிளப்பைத் திறந்தார்.

ஸ்கொட்லாந்தில் தங்கிவிட்டவர்களின் பாதை வேறு மாதிரிப் போனது. கிளாஸ்கோவில் ஸ்லாம் இரட்டையர் 1991இல் சோமா என்ற லேபலைத் தொடக்கினார்கள், டாஃப்ட் பங்கின் முதல் சிங்கிள் 1994இல் அங்கேதான் வந்தது. இலண்டனுக்குப் போகாமலே உலகத்தை ஊருக்கு வரவைத்தார்கள். ஷேமனுக்கு அந்த வேர் இல்லை. அபர்டீனை விட்டுவந்த பிறகு அவர்களுக்கென்று ஓர் ஊர் இருக்கவேயில்லை.

1995இல் வந்த 'அக்சிஸ் முட்டாட்டிஸ்' பெரிதாகப் போகவில்லை. ஆனால் அதன் கடைசிப் பாட்டுக்காக அந்த அல்பத்தைத் தேடிக் கேட்கலாம். பெயர் 'எஸ்2 ட்ரான்ஸ்லேஷன்'. மூளையில் செரட்டொனின் போய் ஒட்டுகிற ஒரு புரதம் இருக்கு. எல்எஸ்டி போன்றவை வேலை செய்வதும் அந்த வகைப் புரதத்தில்தான். அந்தப் புரதத்தின் மரபணு வரிசையை அங்கஸும் ரொஸ் கிங் என்ற விஞ்ஞானியும் சேர்ந்து இசையாக மாற்றினார்கள். டிஎன்ஏயின் நான்கு எழுத்துகளில் ஏ, சி, ஜி மூன்றும் ஏற்கனவே மேலைத்தேய சுரங்களின் பெயர்கள், டி மட்டும்தான் இடிக்கும் எண்டு யோசித்துப் பார்க்க வேடிக்கையாக இருக்கு. இருவரும் இதைப் பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரையும் 1996இல் வெளியிட்டார்கள். ரொஸ் கிங் பின்னாளில் தானாகவே பரிசோதனை செய்கிற 'ரோபோ விஞ்ஞானி'யை உருவாக்கிப் பெயர் பெற்றவர். 90களின் நடுப்பகுதியிலேயே குழுவுக்கு 'நெமெட்டன்' என்ற வெப்சைட்டும் இருந்தது. பழைய கெல்டிக் மக்களின் புனிதச் சோலைக்கு அந்தப் பெயர்.

லேபல் கேட்டது இதுகளை அல்ல. அதற்கு இன்னொரு எபனீசர் தேவைப்பட்டது. சண்டை முற்றி 1996இல் 'ஹெம்ப்டன் மேனர்' என்ற அல்பத்தைக் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள். பாட்டுகளில் பாட்டே இல்லை, முழுக்க வாத்திய டெக்னோ. தலைப்புகளின் முதலெழுத்துகளை வரிசையாகச் சேர்த்தால் ஒரு கெட்ட வார்த்தையும், பக்கத்தில் லேபல் தலைவரின் பெயரும் வரும். எழுத்துப்பிழையோடு. காசுக்காரனைத் திட்டுவதற்கும் ஒரு சொல்விளையாட்டுத்தான் கைவந்திருக்கிறது. அந்த அல்பம் ஒரு முறைகூடப் பட்டியல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, ஆனால் இரவில் ஹெட்போனில் கேட்க இவர்களின் அல்பங்களிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

1998இல் 'யூவி' என்ற கடைசி அல்பம், அடுத்த ஆண்டு குழு முடிந்தது. மிஸ்டர் சியின் 'த எண்ட்' 2009 ஜனவரி வரை நடந்தது. லேபல் 2020இல் தன் பெயரிலிருந்த 'இந்தியன்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'வன் லிட்டில் இண்டிபென்டன்ட்' ஆனது. கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு: எபனீசரை விடுங்கள், அது எப்படியும் உங்களைத் தேடி வரும். 'என்-டாக்ட்' அல்பத்திலிருந்து தொடங்குங்கள். சினொட் இருந்து செய்த கடைசி முழு அல்பம் அது.